பேய்த் தேடல் + வீடு புதுப்பிப்பு: கற்பனை டிவி கலவை எழுத முழுமையான வழிகாட்டி

இல்லாத ஒரு டிவி நிகழ்ச்சியைக் காகிதத்தில் கட்டி எழுப்பும் முறை இது. ஒரு பக்கம், அமெரிக்க, பிரிட்டிஷ் சேனல்களில் ஓடும் பேய்த் தேடல் ரியாலிட்டி ஷோ. மறுபக்கம், சமையல் போட்டி, வீடு புதுப்பிப்பு, பழம்பொருள் மதிப்பீடு என்று வேறு ஏதாவது ஒரு வகை.

வேலை முடியும்போது உங்கள் கையில் மூன்று இருக்க வேண்டும்: ஒரு பக்கக் கருத்துக் குறிப்பு, நிமிடக் கணக்கோடு ஒரு மாதிரி எபிசோட், ஆறு எபிசோடுகளுக்கான ஒருவரிக் கதைகள். கடைசிவரை ஒரே எடுத்துக்காட்டுதான்: ‘சுவருக்குள் யார்?’ அமெரிக்காவின் ரோட் ஐலண்ட் மாநிலத்துப் பழைய மரவீடுகளைப் புதுப்பித்துக்கொண்டே பேய் தேடும் கற்பனை நிகழ்ச்சி.

புதிதாக எழுதுபவர்கள் அதிகம் சறுக்குவது முதல் வரியிலேயே. ‘சமையல் போட்டி, ஆனால் பேய் பங்களாவில்’ என்று எழுதியதும் கலவை வந்துவிட்டதாக நினைத்துவிடுகிறார்கள். வந்தது லொக்கேஷன் மட்டும். அதே போட்டியை ஸ்டுடியோவுக்கு மாற்றினாலும் ஒரு மாற்றமும் இல்லாமல் நடக்கும் என்றால், பேய்க்கு அங்கே வேலை இல்லை.

## தொடங்கும் முன்

இரண்டு வகைகளிலும் மும்மூன்று எபிசோடுகளை ஸ்டாப்வாட்சோடு பாருங்கள். யார் பேசுகிறார்கள், எந்த நிமிடத்தில் இடைவேளை வருகிறது, இடைவேளைக்கு முந்தைய கடைசி ஷாட் என்ன, முடிவை யார் அறிவிக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். கதையைக் குறிக்க வேண்டாம். நமக்குத் தேவை அதன் அடியில் இருக்கும் அட்டவணை.

வீடு சம்பந்தப்பட்ட கலவையென்றால் தரைத்தள வரைபடம் ஒன்றும் வேண்டும். கையால் போட்டதே போதும். வரைபடம் இல்லாமல் எழுதினால் மாடிப்படி ஒவ்வொரு காட்சியிலும் ஒவ்வொரு மூலையில் இருக்கும்.

## 1. தாங்கும் வகையை முதலில் எடுங்கள்

பேயிலிருந்து தொடங்காதீர்கள். பேய்த் தேடல் நிகழ்ச்சிகளுக்குப் பிறவியிலேயே ஒரு குறை உண்டு: தீர்ப்பு வராது. இரவு முழுக்கத் தேடியும் ‘ஏதோ இருக்கிறது போலும்’ என்ற அளவில்தான் முடியும். அந்த இடத்தை நிரப்பக்கூடிய வகையை, அதாவது தாங்கும் வகையை, தேடுங்கள். அதற்கு மூன்று தகுதிகள் வேண்டும்: ஓடும் கடிகாரம், கைவிட்டுப்போகக்கூடிய ஒரு பொருள் (பணம், பரிசு, வீடு), தட்டிக்கழிக்க முடியாத கடைசி முடிவு.

வீடு புதுப்பிப்பு ஷோவில் மூன்றுமே இருக்கின்றன. பழம்பொருள் மதிப்பீடும் நன்றாகப் பொருந்தும். ஒரு பொருளின் பூர்வீகத்தைச் சொல்லும்போது விலையும் ஏறுகிறது, பேயும் வருகிறது. நீதிமன்ற ஷோ அதைவிட எளிது. 1991-ல் நியூயார்க் மேல்முறையீட்டு நீதிமன்றம் நயாக் ஊர் வீடு ஒன்றை, சட்டத்தின் பார்வையில் பேய் உலவும் வீடு என்றே எடுத்துக்கொண்டு, வாங்கியவர் ஒப்பந்தத்திலிருந்து விலக வழிவிட்டது. விற்றவரே வீட்டுப் பேயைப் பத்திரிகையில் விளம்பரப்படுத்தியிருந்தார்; வாங்க வந்தவரிடம் மட்டும் சொல்லவில்லை. இப்படி ஒரு நிஜ வழக்கு இருக்கும்போது கற்பனைக்கு அதிகம் மெனக்கெட வேண்டாம்.

துப்பறியும் தொடரைத் தவிர்த்துவிடுங்கள். அதுவும் தடயம் தேடுகிறது, இதுவும் தடயம் தேடுகிறது. இரண்டையும் சேர்த்தால் இருட்டில் எடுத்த துப்பறியும் தொடர் கிடைக்கும், அவ்வளவுதான்.

## 2. பேய் இல்லாமல் அந்த ஷோவை எழுதுங்கள்

அமெரிக்காவில் ஒரு மணி நேர ஸ்லாட் என்றால் விளம்பரம் போக உள்ளே இருப்பது ஏறக்குறைய 42 முதல் 44 நிமிடம். நாம் 44 என்று வைத்துக்கொள்வோம். வீடு புதுப்பிப்பின் வரிசை இது: வீட்டைச் சுற்றிப் பார்த்தல், பட்ஜெட், இடிப்பு, இடிக்கும்போது வரும் எதிர்பாராத செலவு (இது எப்போதும் இடைவேளைக்கு முன்னால்தான் வரும்), உரிமையாளர் எடுக்கும் முடிவு, பூச்சு வேலை, கடைசியில் திறந்துகாட்டல்.

இதைப் பேய் வாடையே இல்லாமல் ஒரு பக்கத்தில் எழுதுங்கள். தனியாகப் படித்தாலும் பார்க்கத்தக்க ஷோவாக இருக்க வேண்டும். சுவாரசியமில்லாத ஷோவைப் பேய் வந்து காப்பாற்றாது.

## 3. பேய்த் தேடலின் வரிசையைத் தனியாக எழுதுங்கள்

பகலில் குடியிருப்பவரின் பேட்டி. எந்த அறையில் என்ன நடந்தது என்ற நடை. கருவிகளைப் பொருத்துதல். விளக்கணைப்பு. பேயின் குரலைப் பிடிக்கும் பதிவு அமர்வு. மறுநாள் பதிவுகளை அலசுதல். கடைசியில் குடியிருப்பவரை உட்காரவைத்து, கிடைத்ததைக் காட்டுதல்.

இரண்டு காகிதங்களையும் பக்கத்தில் பக்கத்தில் வையுங்கள். இரண்டிலும் முதலில் ஒரு வீட்டு நடை, இறுதியில் உரிமையாளருக்கு ஒரு திறந்துகாட்டல். இவை தற்செயலாகவே ஒத்துப்போகின்றன. 2004-ல் தொடங்கிய ‘கோஸ்ட் ஹன்டர்ஸ்’ நிகழ்ச்சியின் தலைவர்கள் இருவரும் ரோட் ஐலண்டில் பகலில் குழாய்ப் பழுது பார்த்தவர்கள். பாதிக் கலவை அங்கேயே தயாராக இருந்தது.

## 4. பூட்டு விழும் இடத்தைக் குறியுங்கள்

ஒரு வகையின் கேள்விக்குப் பதில் சொல்லாமல் மற்றதன் கேள்விக்குப் பதில் சொல்ல முடியாத ஒரு நிமிடம் இருக்கும். அதுதான் பூட்டு. நம் நிகழ்ச்சியில் அது 33-வது நிமிடம்: ‘இந்தச் சுவரை இடிப்பதா, விடுவதா?’ இடித்தால் சமையலறைப் பணம் போகும். இடிக்காவிட்டால் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. ஒரே சம்மட்டி அடியில் இரண்டு கதைகளும் நகர வேண்டும்.

இதற்கு நல்ல முன்மாதிரி, 1992 அக்டோபர் 31 அன்று பி.பி.சி. 1 ஒளிபரப்பிய ‘கோஸ்ட்வாட்ச்’. முன்பே பதிவு செய்த பேய்த் தேடல் நாடகத்தை நேரலை போலக் காட்டியது. நேயர்கள் தொலைபேசுவது அந்த நேரலை வகையின் சாதாரண அங்கம். பேய் பரவுவதும் அதே நேரலை வழியாகத்தான். ஒளிபரப்பு இல்லையென்றால் அந்தப் பேய்க்கு வழியே இல்லை.

பூட்டு எங்கே என்று ஒரு வாக்கியத்தில் எழுத வரவில்லையென்றால் ஐந்தாம் படிக்குப் போகாதீர்கள். முதல் படிக்குத் திரும்பி வகையை மாற்றுங்கள்.

## 5. பேய்க்குச் சட்டம் போடுங்கள்

மூன்று வரி போதும்: பேயால் என்ன முடியும், என்ன முடியாது, எதனால் உசுப்பப்படுகிறது. மூன்றையும் தாங்கும் வகையின் சொற்களிலேயே எழுத வேண்டும். இங்கேதான் அதிக நேரம் செலவிடுங்கள்.

தவறான சட்டம்: ‘1893-ல் கொலையான பெண் பழிவாங்க அலைகிறாள்.’ இதில் வீடு புதுப்பிப்புக்கு வேலையே இல்லை. சரியான சட்டம்: ‘இந்த வீட்டுப் பேய்க்குப் பழைய வரைபடம் மட்டும்தான் தெரியும். கதவு இருந்த இடம் இன்று சுவராக இருந்தால் அங்கே தட்டும். புதிதாகக் கட்டிய அறைக்குள் அதனால் வர முடியாது. வரைபடத்தை மாற்றும் ஒவ்வொரு வேலையும் அதை உசுப்பும்.’ இப்போது கட்டட ஒப்பந்ததாரர் எடுக்கும் ஒவ்வொரு முடிவும் பேய்க்கதையின் திருப்பமாகிவிடுகிறது.

கேமராவுக்கும் சட்டம் உண்டு. ‘தி எக்ஸ்-ஃபைல்ஸ்’ தொடர் 2000 பிப்ரவரியில் ‘எக்ஸ்-காப்ஸ்’ என்ற எபிசோடை, போலீஸ்காரர்களின் பின்னாலேயே ஓடிப் படமெடுக்கும் ‘காப்ஸ்’ ரியாலிட்டி ஷோவின் பாணியில் வீடியோவில் எடுத்தது. கேமராமேன் எங்கே ஓடுகிறாரோ அதுவரைதான் நமக்குத் தெரியும். அதனால் அதில் வரும் அமானுஷ்யப் பிறவியும் கேமராவில் சிக்காததாக, ஒவ்வொருவருக்கும் அவரவர் பயத்தின் வடிவில் தெரிவதாக அமைந்தது. எடுத்துக்கொண்ட வகையில் கேமரா எங்கே நிற்குமோ, அங்கே நின்று எது தெரியுமோ அதை மட்டும் காட்டுங்கள். வீடு புதுப்பிப்பு ஷோவில் பேயின் பார்வையில் ஒரு ஷாட் வைத்தால் அது உடனே சினிமாவாகிவிடும்.

## 6. இரட்டை வாசிப்புப் பட்டியல்

மொத்த வேலையின் உயிர்நாடி இது. குறைந்தது எட்டு அறிகுறிகளை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் இரண்டு விளக்கங்கள் எழுதுங்கள்: பேய்க்காரர் சொல்வது, கொத்தனாரோ எலெக்ட்ரீஷியனோ பிளம்பரோ சொல்வது. இரண்டாவது பத்தி நிஜமாக இருக்க வேண்டும். பழைய அமெரிக்க மரவீடுகள் இதற்கு அள்ளித் தரும்.

குளிர்ந்த இடம்: 19-ம் நூற்றாண்டின் பல வீடுகளில் சுவர்ச் சட்டங்களுக்கு இடையே உள்ள வெற்றிடம் அடித்தளத்திலிருந்து பரண் வரை தடுப்பே இல்லாமல் போகும். குளிர்காற்று மட்டுமில்லை, கீழே பேசுவதும் மேலே கேட்கும்.

மீட்டர் துள்ளுதல்: 1940-கள் வரை போடப்பட்ட பழைய ஒயரிங்கில், பீங்கான் குமிழ்களில் இரண்டு கம்பிகளும் தனித்தனியாக, தள்ளித் தள்ளி ஓடும். பக்கத்தில் பக்கத்தில் ஓடினால் ஒன்றின் காந்தப்புலத்தை மற்றது அடக்கும். தள்ளி ஓடுவதால் அடக்காது. கட்டில் தலைமாட்டுச் சுவரில், மின்காந்தப்புலத்தை அளக்கும் இ.எம்.எஃப். மீட்டர் ஏறுவதற்கு இது போதும்.

சுவரில் தட்டும் சத்தம்: பாத்திரம் கழுவும் மெஷினின் வால்வு சட்டென்று மூடும்போது ஓடிவந்த தண்ணீர் குழாயை உதைக்கும். நேரம் தவறாமல் இரவு 9.40-க்குத் தட்டுகிறதென்றால் முதலில் மெஷினின் டைமரைப் பார்க்கச் சொல்லுங்கள்.

அழுகல் நாற்றம்: வாரக்கணக்கில் உபயோகிக்காத தரை வடிகாலின் வளைகுழாயில் தண்ணீர் வற்றிவிட்டால் சாக்கடை வாயு வீட்டுக்குள் ஏறும். ஒரு வாளித் தண்ணீர் ஊற்றினால் தீர்ந்தது.

காலடி ஓசை: இரவில் குளிர ஆரம்பித்ததும் தரைப் பலகைகள் ஒன்றன்பின் ஒன்றாகச் சுருங்கிச் சடசடக்கும். பரணில் அணிலோ ரக்கூனோ இருந்தால் இன்னும் விசேஷம்.

யாரோ இருப்பது போன்ற உணர்வு: இங்கிலாந்தின் கவென்ட்ரியில் பணிபுரிந்த பொறியாளர் விக் டாண்டி, ஓர் ஆய்வகத்தில் தோன்றிய ‘உருவத்தின்’ காரணத்தை மின்விசிறி எழுப்பிய சுமார் 19 ஹெர்ட்ஸ் அதிர்வில் கண்டதாக 1998-ல் எழுதினார். காதுக்குக் கேட்காத ஒலி அது. 1921-ல் ஓர் அமெரிக்கக் கண் மருத்துவ இதழில் பதிவான குடும்பத்தின் கதை இதைவிடத் தீவிரம். காலடி கேட்டது, உருவம் தெரிந்தது, செடிகள் வாடின. உலை பழுதாகிக் கசிந்த கார்பன் மோனாக்சைடுதான் காரணம். இதை எபிசோடில் வைத்தால் உலையை நிறுத்தி ஆட்களை வெளியேற்றும் காட்சி கட்டாயம் இருக்கட்டும். விஷவாயுவைத் திகிலுக்கு மட்டும் பயன்படுத்திவிட்டு நகர்வது மட்டமான எழுத்து.

எட்டுக்கும் கொத்தனார் பத்தி நிரம்பிவிட்டதா? இப்போது ஒன்றே ஒன்றில் மட்டும் அந்த விளக்கம் முக்கால்வாசி பொருந்தி, கால்வாசி இடிக்க வேண்டும். குழாய் மெயினையே மூடிய பிறகும் ஒரு தடவை தட்டுகிறது, அந்த மாதிரி. முழுக்க விளங்காத மர்மத்தைவிடக் கால்வாசி விளங்காததுதான் மனதில் நிற்கும்.

## 7. கருவிகளைச் சேருங்கள், அளவாக

எபிசோடுக்கு நான்கு கருவிகள் போதும். ஒவ்வொன்றும் தாங்கும் வகையிலும் வேலை செய்ய வேண்டும், அல்லது அதனால் கெட வேண்டும்.

தெர்மல் கேமரா இரண்டு பக்கமும் உதவும். வீட்டு ஆய்வாளர்கள் ஈரத்தையும் வெப்பக் கசிவையும் அதில்தான் பார்க்கிறார்கள். கண்ணாடி ஜன்னலில் பிடித்தால் பிடிப்பவரின் உடல்சூடே உருவமாகத் தெரியும். நல்ல ஏமாற்று, ஒரு முறைக்கு மட்டும்.

இன்ஃப்ராரெட் கேமராவில் மிதக்கும் ஒளி உருண்டைகள் பெரும்பாலும் லென்ஸுக்குப் பக்கத்திலுள்ள தூசிதான். இடிப்பு நடக்கும் வீட்டில் தூசிக்குக் குறைவா? இந்தக் கலவையில் ஒளி உருண்டை சாட்சியமாகவே நிற்காது. அதைச் சாட்சியமாக வைத்து எழுதிய பிரதியைப் பார்த்தாலே எழுதியவர் இரண்டு வகைகளையும் சேர்த்து யோசிக்கவில்லை என்று தெரிந்துவிடும்.

மனித உருவத்தைக் குச்சிக் கோடுகளாகக் காட்டும் கேமரா, 2010-ல் வந்த மைக்ரோசாஃப்டின் கினெக்ட் விளையாட்டுக் கருவியின் தொழில்நுட்பம். மனித வடிவைத் தேடுவதற்கென்றே செய்யப்பட்டது. ஆகவே ஏணிமேல் போட்ட தார்பாயிலும் ஒருவரைக் கண்டுபிடித்துவிடும். ஸ்பிரிட் பாக்ஸ், ரேடியோ அலைவரிசைகளை வேகமாக மாற்றிக்கொண்டே போகும் பெட்டி. அதில் ஒரு சொல் வரலாம். முழு வாக்கியம் வந்தால் நம்ப முடியாது.

## 8. ஆட்கள் நால்வர்

ஒப்பந்ததாரர், பேய்த் தேடல் தலைவர், ஆவணங்களைத் தேடுபவர், வீட்டு உரிமையாளர். ஐந்தாவது ஆள் வந்தால் 44 நிமிடத்தில் யாருக்கும் முகம் இருக்காது.

யாரும் யாரையும் கிண்டல் செய்யக் கூடாது. ‘பேயாவது, பூதமாவது’ என்று சிரிக்கும் ஒப்பந்ததாரர் இரண்டாவது எபிசோடில் சலித்துவிடுவார். அவருக்குப் பேய் உண்டா இல்லையா என்பது கவலையே இல்லை. வெள்ளிக்கிழமைக்குள் டைல்ஸ் பதிக்க வேண்டும். அவரவர் வேலையில் அவரவர் மும்முரமாக இருந்தாலே நகைச்சுவை தானாக வரும்.

ஆவணம் தேடுபவருக்குப் பழைய டைரி கொடுக்காதீர்கள், கேட்டுச் சலித்தாயிற்று. அமெரிக்க நகரங்களுக்கு சான்போர்ன் நிறுவனத்தின் தீக்காப்பீட்டு வரைபடங்கள் உண்டு. 1867 முதல் வந்தவை, ஏராளமானவற்றை லைப்ரரி ஆஃப் காங்கிரஸ் இணையத்தில் வைத்திருக்கிறது. கட்டடத்தின் வெளிக்கோடும் கட்டுமானப் பொருளும் அவற்றில் தெரியும், உள்ளறைக் கதவுகள் தெரியாது. இரு வேறு ஆண்டுகளின் வரைபடங்களை ஒப்பிட்டால் ‘பின்பக்க இணைப்பு எப்போது மறைந்தது’ என்பது கிடைக்கும். நமக்கு அந்த அளவே சரி.

## 9. மாதிரி எபிசோட், நிமிடக் கணக்கில்

0–2: குறுமுன்னோட்டம். சமையலறைச் சுவர், மூன்று தட்டு, ஒப்பந்ததாரரின் கையிலிருந்த அளவுநாடா நிற்கிறது.

2–9: ஒரே நடை. ஒப்பந்ததாரரும் தேடல் தலைவரும் உரிமையாளரோடு சேர்ந்து நடக்கிறார்கள். மூன்று புகார்கள்: சமையலறைத் தட்டல், மாடிப்படிக் குளிர், பின்னறையில் தூங்க மறுக்கும் குழந்தை. தனித்தனி நடையாக வைத்தால் ஏழு நிமிடம் பதினான்காகும்.

9–16: பட்ஜெட் 60,000 டாலர். ஒயரிங்கை மாற்ற மட்டும் 18,000. பின்னறைக்கு விடை கிடைத்துவிட்டது: தலைமாட்டில் பழைய ஒயர். இந்த விடை செலவாகவும் வருகிறது என்பதைக் கவனியுங்கள்.

16–25: முதல் இரவு. மாடிப்படிக் குளிருக்கு விடை. 9.40-க்குத் தட்டல், மெஷின்தான். மெயினை மூடுகிறார்கள். 11.15-க்கு மறுபடி ஒன்று. இடைவேளை.

25–33: பகல். வரைபடம், காணாமல் போன பின்பக்க இணைப்பு. சுவரைத் திறக்க 4,000 டாலர். அது அலமாரிக்கு வைத்த பணம். 33-ல் உரிமையாளர் சொல்கிறார்: இடியுங்கள்.

33–39: உள்ளே செங்கல் வைத்து அடைத்த கதவுச் சட்டம். இதைத் திறந்தே விட்டால் அலமாரி வைக்க இடமில்லை.

39–44: ஒரே திறந்துகாட்டல். புதிய சமையலறை, நடுவில் எங்கும் போகாத ஒரு கதவு.

நேரத்தில் வழக்கமாக விழும் பிழை, இடிப்பை இரவில் வைப்பது. பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அமெரிக்காவில் வீடுகளில் ஈயப் பெயிண்ட் தடைசெய்யப்பட்டது 1978-ல். அதற்கு முந்தைய வீட்டுச் சுவரைச் சோதிக்காமல் இருட்டில் உடைக்கும் ஒப்பந்ததாரரை எந்தப் பார்வையாளரும் நம்ப மாட்டார். சோதனை முடிவு பகலில் வரட்டும். அதைக் காத்திருப்பாகவும் பயன்படுத்தலாம்.

## 10. உண்மையா, விளையாட்டா: முதலிலேயே முடிவெடுங்கள்

நிகழ்ச்சி தன்னை நிஜமென்று சொல்லிக்கொள்கிறதா, பொழுதுபோக்கென்று சொல்லிக்கொள்கிறதா என்பதைக் கருத்துக் குறிப்பில் எழுதிவிடுங்கள். பிரிட்டனில் ஒளிபரப்பு ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்காமின் விதிகளின்படி அமானுஷ்யக் காட்சிகள் பொழுதுபோக்குக்கென்றால் அது பார்வையாளருக்குத் தெளிவாகத் தெரிய வேண்டும். ‘மோஸ்ட் ஹான்டட்’ பேய்த் தேடல் நிகழ்ச்சியை 2005-ல் அந்த வகையில்தான் சேர்த்தார்கள். உங்கள் கற்பனை ஷோ பிரிட்டிஷ் சேனலுக்கென்றால் தொடக்கத்தில் ஓர் அறிவிப்பு வரி எழுதலாம். அந்த வரியின் தொனியே பாதி நகைச்சுவையைச் சுமக்கும்.

## 11. மூன்று சோதனைகள்

பேயை நீக்கிவிட்டு எபிசோடைப் படியுங்கள்: 33-வது நிமிட முடிவு அப்படியே நின்றால் பூட்டு விழவில்லை. அடுத்து, புதுப்பிப்பை நீக்குங்கள்: பேய் அப்போதும் தட்டினால் ஐந்தாம் படியின் சட்டம் தளர்ந்திருக்கிறது. கடைசியாக, இந்த வகையை அறவே பார்க்காத ஒருவரிடம் கருத்துக் குறிப்பைக் கொடுத்து, அடுத்த எபிசோடை அவரையே சொல்லச் சொல்லுங்கள். ‘வேறொரு வேலை, வேறொரு கதவு’ என்று சொன்னால் வடிவம் புரிந்திருக்கிறது. ‘அந்தப் பேய் யார்?’ என்று கேட்டால் நீங்கள் தொடர் நாடகம் எழுதிவிட்டீர்கள்.

## 12. ஆறு ஒருவரிகள்

ஒரே வீட்டுச் சட்டம், ஆறு விதப் புதுப்பிப்பு வேலை: சமையலறை, குளியலறை, பரண், அடித்தளம், படிக்கட்டு, தோட்டத்து ஷெட். ஒவ்வொன்றிலும் வரைபடத்தில் என்ன மாறுகிறது, எந்தச் செலவு பேயால் ஏறுகிறது என்று ஒரே வரியில் எழுதுங்கள்.

மூன்று ஒருவரிகளுக்கு மேல் வராவிட்டால் புது ஐடியா தேடி அலையாதீர்கள். சட்டத்தில் பேய் தட்டும் இடத்தை அகலப்படுத்துங்கள். கதவுகளுக்கு மட்டும் என்றிருந்ததை ஜன்னல், புகைபோக்கி, கிணறு என்று நீட்டினாலே பரணும் அடித்தளமும் ஷெட்டும் எழுத வந்துவிடும். படிக்கட்டு எபிசோடைக் கடைசியில் வையுங்கள். பழைய படிக்கட்டை இடம் மாற்றினால் மாடி முழுவதும் பேய்க்கு எட்டாமல் போகும்; அதற்குப் பிறகு அந்த வீட்டில் எழுத ஒன்றும் மிஞ்சாது.